ஜிப்சம் சுவரில் அப்பாவின் படம் நிற்கவில்லை, எந்தப் பிளக் போடுவது?

இரணைமடுக்காற்று | திங்கள், இரவு 9.10

வணக்கம். கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். எங்களுடையது போருக்குப் பிறகு இந்தியா காசு தந்த வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. தங்கச்சிக்குப் படிக்க ஓர் அறை வேண்டும் என்று நான்கு மாதத்துக்கு முன் ஹோலை ஜிப்சம் போட் அடித்து மறித்தோம். பூசி, பெயின்ற் அடித்த பிறகு கல்லுச் சுவர் போலத்தான் தெரிகிறது.

அந்தச் சுவரில் அப்பாவின் படத்தைக் கொழுவ வேண்டும். போரின் கடைசியில் மாத்தளனில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தபோது அவருடைய படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை. போன வருடம் சாவகச்சேரியில் பெரியம்மாவின் பழைய டிரங்குப் பெட்டிக்குள் ஒரு சின்னப் படம் கிடைத்தது. அதைப் பெரிதாக்கி, 18க்கு 24 இஞ்சியில் கண்ணாடி போட்டு, தேக்குச் சட்டம் அடித்தோம். பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்தேன். 4 கிலோ 200 கிராம்.

கரண்ட் வேலை செய்யும் தம்பி ஒருவர் 6 மில்லிமீற்றர் ரோல் பிளக் (ஆணியைப் பிடிக்கச் சுவர் ஓட்டைக்குள் அடிக்கிற சின்னப் பிளாஸ்டிக் குழாய்) அடித்து, ஒன்றரை இஞ்சி ஸ்குரூ ஆணி முறுக்கிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குப் படம் விழுந்தது. கண்ணாடி போய்விட்டது, படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா இப்போது அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் சாத்தி வைத்திருக்கிறார். சுவரில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு ஓட்டை.

இதே சுவரில் கிழக்குப் பார்த்து ஒரு சாமித்தட்டும் போட வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரந்தன்சந்தி | 9.32

கல்லுச் சுவரில் கொழுவிவிடுங்கள் அக்கா. ஜிப்சம் இதற்குச் சரிவராது.

இரணைமடுக்காற்று | 9.40

ஒரு பக்கம் யன்னல், ஒரு பக்கம் வாசல், மற்றதில் அலுமாரி. அம்மா படுத்திருந்தபடி பார்க்கக்கூடிய சுவர் இது ஒன்றுதான் தம்பி.

முல்லை_ரொறன்ரோ | 10.15

தங்கச்சி, எனக்கு ஊர் முள்ளியவளை. 19 வருடமாக ரொறன்ரோவில் இந்தப் போட் அடிக்கிற வேலைதான் செய்கிறேன். ஜிப்சத்தில் படமும் நிற்கும், தட்டும் நிற்கும். இங்கே வீட்டுக்குள் முக்கால்வாசிச் சுவர் அதுதான், சனம் எல்லாவற்றையும் அதில்தான் கொழுவுகிறது. அந்தக் கரண்ட் தம்பியையும் குறை சொல்ல மாட்டேன். கல்லுக்குச் செய்கிற வேலையை ஜிப்சத்துக்குச் செய்துவிட்டார், அவ்வளவுதான்.

ரோல் பிளக் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அது ஏன் கழன்றது என்பதும் விளங்கும். ஜோன் ஜோசப் ரோலிங்ஸ் என்ற ஆங்கிலேயர் 1911இல் காப்புரிமை எடுத்த சாமான் அது. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் சுவரைக் கெடுக்காமல் மின்சாரப் பொருட்களைப் பொருத்த வழி தேடியபோது செய்தது. சணல் நாரை மிருக இரத்தத்தால் ஒட்டி உருட்டிய சின்னக் குழாய். 1958இல் ஜேர்மனியில் ஆர்தர் ஃபிஷர் அதை நைலோனில் செய்தார். இரண்டுக்கும் வேலை ஒன்று. ஆணி உள்ளே போகப் போகப் பிளக் வீங்கும், சுற்றியுள்ள கல் அதை நெரித்துப் பிடிக்கும். நெரிக்கக் கல் இல்லாத இடத்தில் அது வெறும் பிளாஸ்டிக்.

ஜிப்சம் என்பது இரண்டு தடித்த தாளுக்கு நடுவே சோக்குக் கட்டி மாதிரி ஒரு பொருள். மொத்தத் தடிப்பே அரை இஞ்சிதான். உங்கள் பிளக்கின் கழுத்து மட்டும் அதற்குள் இருந்திருக்கும். வீங்குகிற பகுதி பின்னால் வெறும் வெளியில் நின்றிருக்கும். படத்தின் பாரம் ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அமத்த, ஓட்டையின் விளிம்பு மாவாகிக் கொட்டியிருக்கும். மூன்று நாள் நின்றதே பெரிய விஷயம்.

இதற்கென்று உள்ள பிளக்குகள் வேறு. முதலாவது, அகன்ற மரை உள்ள சுருள் பிளக். பிளாஸ்டிக்கிலும் இருக்கிறது, துத்தநாகக் கலவையிலும் இருக்கிறது. அது ஜிப்சத்தையே கவ்விப் பிடிக்கும். இரண்டாவது, ஆணியை முறுக்க முறுக்கப் பின்பக்கம் குடை மாதிரி மடிந்து விரியும் இரும்புப் பிளக். மூன்றாவது டொகிள் போல்ட். வில் வைத்த இரண்டு சிறகு இருக்கும். மடக்கி உள்ளே தள்ளினால் பின்னால் விரிந்து தாளின் முதுகில் உட்காரும். இருப்பதில் பலமானது அதுதான்.

படத்துக்கு இரண்டு டொகிள் போடுங்கள். ஒரு ஆணியை நம்ப வேண்டாம். 10 இஞ்சி இடைவெளியில் இரண்டு என்றால் ஒவ்வொன்றுக்கும் 2 கிலோ சொச்சம்தான் வரும். பெட்டியில் பெரிய எழுத்தில் 40 கிலோ, 50 கிலோ என்று போட்டிருப்பார்கள். அது உடைகிற பாரமாக இருந்தால் அதில் காற்பங்கைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். நாங்கள் வேலையில் அப்படித்தான் எடுக்கிறோம்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஜிப்சம் எத்தனை மில்லிமீற்றர்? பின்னால் போட்டைத் தாங்குவது தகரச் சனலா (மடித்த தகரச் சட்டம்), மரச் சட்டமா? எத்தனை அடிக்கு ஒன்று நிற்கிறது?

இரணைமடுக்காற்று | 10.31

சனல் என்று ஞாபகம் அண்ணா. தடிப்பு தெரியாது. வேலை செய்தவரைக் கேட்டால் தொலைபேசி எடுக்கிறார் இல்லை.

மாங்குளம்_மேசன் | செவ்வாய், காலை 6.20

தடிப்பை நீங்களே அளக்கலாம் பிள்ளை. பழைய சைக்கிள் கம்பி ஒன்றை எடுத்து நுனியில் கால் இஞ்சியைக் குறட்டால் மடித்து ஒரு கொக்கி ஆக்குங்கள். அந்த ஓட்டைக்குள் விட்டு, கொக்கி பின்பக்கத் தாளில் மாட்டும் வரைக்கும் உங்கள் பக்கம் இழுங்கள். சுவரோடு ஒட்டிப் பெருவிரல் நகத்தால் கம்பியைப் பிடித்தபடி வெளியே எடுத்து அடிமட்டத்தில் வையுங்கள். கொக்கிக்கும் நகத்துக்கும் இடையில் உள்ளதுதான் தடிப்பு.

சனல் பார்க்கக் காந்தம் போதும். உடைந்த ஸ்பீக்கர்க் காந்தம் இருந்தால் மெல்லிய துணியில் சுற்றிச் சுவரில் மெதுவாக உருட்டுங்கள். பூச்சுக்குள் மறைந்த ஆணித் தலை இருக்கிற இடத்தில் ஒட்டும். ஒட்டுகிற இடத்தில் எல்லாம் பென்சிலால் புள்ளி வையுங்கள். மேலிருந்து கீழே ஒரு நேர்கோடு வரும். அந்தக் கோட்டில்தான் சனல்.

குளத்தடி | 8.05

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்களுடையதும் வீட்டுத்திட்ட வீடுதான், முழுக்கச் சீமெந்துக் கல். அதிலும் பிளக் சுற்றுகிறது ஐயா! ஆணியை முறுக்கினால் பிளக்கும் சேர்ந்து சுற்றி வெளியே வருகிறது. மணிக்கூடு ஒன்று கொழுவ மூன்று ஓட்டை போட்டுவிட்டேன். கல்லில் நிற்கும் என்றுதானே எல்லோரும் சொல்கிறீர்கள்?

மாங்குளம்_மேசன் | மதியம் 12.40

தம்பி, கல் என்றால் எல்லாம் ஒரே கல் இல்லை. வீட்டுக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகத் தந்த காலம் எனக்கு நல்ல ஞாபகம். மண் விலை, கம்பி விலை, ஏற்றுக்கூலி எல்லாம் ஏறிக்கொண்டே போனது. வீட்டுக்காரர் எங்கே மிச்சம் பிடிப்பார்? கல் அரிகிற இடத்தில் சீமெந்தைக் குறைத்தார்கள். ஏழு நாள் தண்ணீர் விட வேண்டிய கல்லை மூன்று நாளில் கட்டினார்கள். வன்னி வெயிலில் அது வேகமாகக் காய்ந்து, இறுகாமல் நின்றுவிட்டது. அந்தச் சனத்தை நான் குறை சொல்லவில்லை. கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் இருந்தவர்கள் மழைக்கு முன் கூரைக்குக் கீழே போகத்தான் பார்த்தார்கள்.

அப்படிக் கல்லில் டிறிலை ஹமரில் (அடித்து அடித்துத் துளைக்கிற நிலையில்) போட்டு அடித்தால் 6 மில்லிமீற்றர் பிட் 9 மில்லிமீற்றர் ஓட்டை போடும். ஹமரை நிற்பாட்டுங்கள். வெறும் சுற்றில், அமத்தாமல் துளையுங்கள். இன்னொன்று, பூச்சு முக்கால் இஞ்சி வரைக்கும் இருக்கும். ஒரு இஞ்சிப் பிளக் போட்டால் அதில் பாதிக்கு மேல் பூச்சில்தான் நிற்கும். இரண்டு இஞ்சி ஆழம் துளைத்து, பிளக்கின் தலை பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் போகும்வரை ஆணியால் தட்டி இறக்குங்கள். அதற்கு ஏற்ற நீளத்தில் ஸ்குரூ எடுங்கள்.

அதற்கு முதல் ஓட்டைக்குள் இருக்கும் தூளை எடுக்க வேண்டும். யாரும் செய்வதில்லை, ஆனால் பாதிப் பிளக் சுற்றுவது அதனால்தான். சைக்கிள் பம்ப் இருந்தால் ஊதுங்கள், கண்ணைக் கவனியுங்கள். ஏற்கெனவே பெருத்த ஓட்டைக்கு 8 அல்லது 10 பிளக் போடலாம்.

ஒட்டுசுட்டான்_வயல் | 1.15

ஜிப்சம் அடித்த எல்லோருக்கும் ஒரு சொல். கறையானைப் பாருங்கள். ஜிப்சத்தைத் தின்னாது, ஆனால் அதன் தாளைத் தின்னும். எங்கள் கடையில் மறிப்பு அடித்து ஒரு வருடத்தில் கீழ்ப்பக்கம் விரலால் அமத்த உள்ளே போனது. பெயின்ற் மட்டும் தோல் மாதிரி நின்றது. தாள் போனால் பலமும் போய்விடும், பிறகு எந்தப் பிளக்கும் நிற்காது. நிலத்தோடு முட்ட அடித்திருந்தால் நிலம் கழுவுகிற தண்ணீரையும் அது உறிஞ்சும். கீழே அரை இஞ்சி இடைவெளி விட்டு, அதை மறைக்கப் பிளாஸ்டிக் பட்டி அடிக்க வேண்டும்.

முல்லை_ரொறன்ரோ | 6.50

தாளைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பிளக் போடும்போதும் அதே கவனம் வேண்டும். சுருள் பிளக்கை டிறிலால் முறுக்குவார்கள், தலை தாளைக் கிழித்து உள்ளே போய்விடும். கையால் முறுக்குங்கள். தலை சுவரோடு மட்டமாக வந்ததும் ஒரு கால் சுற்றுக்கூட வேண்டாம், நிறுத்திவிடுங்கள். உள்ளே ஜிப்சம் நொறுங்கினால் கையில் தெரியும். இறுக்கமாக இருந்தது திடீரென்று இலேசாகும். அப்படியானால் அந்த இடத்தை விட்டு இரண்டு இஞ்சி தள்ளிப் போடுங்கள்.

இரணைமடுக்காற்று | இரவு 8.25

சைக்கிள் கம்பியால் அளந்தேன் ஐயா. மூன்று தரம் அளந்தேன். 9 மில்லிமீற்றர்தான் வருகிறது. காந்தத்தில் சனல் இரண்டடிக்கு ஒன்று.

முல்லை_ரொறன்ரோ | 8.48

கவலையாக இருக்கிறது தங்கச்சி. 9 மில்லிமீற்றர் சீலிங்குக்கு அடிக்கிறது. சுவருக்கு 12 அல்லது 12.5 போட வேண்டும். இங்கே மரச் சட்டத்தை 16 இஞ்சிக்கு ஒன்று நிறுத்தி அதன்மேல் அரை இஞ்சி அடிக்கிறோம். உங்களுக்கு இரண்டடி இடைவெளியில் 9 மில்லிமீற்றர். கைவைத்து அமத்தினால் துள்ளுமே?

இரணைமடுக்காற்று | 8.55

துள்ளுகிறது. நாங்கள் முழுச் சுவருக்குரிய காசு கொடுத்தோம் அண்ணா. அம்மாவின் தாலிக்கொடியில் இருந்து ஒரு பவுன் எடுத்துத்தான் கொடுத்தோம். சீலிங்குக்கு உரியது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாங்குளம்_மேசன் | 9.10

அது பிழையான வேலை பிள்ளை. தெரியாமல் செய்திருக்க மாட்டார். 2016இல் அரசாங்கம் 65,000 பொருத்து வீடு, அதாவது செய்து கொண்டுவந்து பூட்டுகிற வீடு, தருகிறோம் என்று வந்தபோது எங்கள் சனம் கல்வீடுதான் வேண்டும் என்று நின்றது. அதே மெல்லிய சுவர் இப்போது கேட்டுக் கேள்வி இல்லாமல் வீட்டுக்குள் வருகிறது. ஜிப்சம் கூடாத சாமான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடிப்பதற்கு முதல் அதன் விளிம்பில் அடிமட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். பெயின்ற் அடித்த பிறகு யாருக்கும் தெரியாது.

பண்டாரிக்குளம் | 9.30

இதே மாதிரிச் சுவரில் 43 இஞ்சி ரீவி கொழுவலாமா? இழுத்துத் திருப்புகிற கைத் தாங்கி வாங்கியிருக்கிறேன்.

முல்லை_ரொறன்ரோ | 9.52

அந்தக் கைத் தாங்கியை ஜிப்சத்தில் மட்டும் பூட்ட வேண்டாம் தம்பி. சாமித்தட்டுக்கும் இதே கணக்கு என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

சுவரோடு ஒட்டித் தொங்கும் படம் ஆணியைக் கீழேதான் இழுக்கும். சுவரை விட்டு வெளியே நிற்கும் சாமான் மேல் ஆணியை வெளியே பிடுங்கும். தட்டு 10 இஞ்சி அகலம், விளக்கு, படங்கள், செம்பு எல்லாம் சேர்த்து 6 கிலோ என்று வையுங்கள். பாரம் சுவரிலிருந்து 5 இஞ்சியில் நிற்கிறது. மேல் ஆணிக்கும் தாங்கியின் அடிக்கும் இடையில் 2 இஞ்சிதான் என்றால் 6ஐ 5ஆல் பெருக்கி 2ஆல் பிரியுங்கள். 15 கிலோ பிடுங்கும். அதே தட்டுக்கு 10 இஞ்சி உயரத் தாங்கி போட்டால் 3 கிலோதான். பிளக்கை மாற்றுவதற்கு முதல் தாங்கியை மாற்றுங்கள்.

ரீவி 10 கிலோ என்று வைத்து, கையை 16 இஞ்சி வெளியே இழுத்து, தாங்கி 8 இஞ்சி உயரம் என்று கணக்குப் போடுங்கள். 20 கிலோ. ஒரு பிள்ளை பிடித்து ஆட்டினால் அதற்கு மேலே போகும். இரண்டு சனலுக்கும் குறுக்கே முக்கால் இஞ்சிப் பிளைவுட் பூட்டி அதில் தாங்கியைப் பூட்டுங்கள். அல்லது கல்லுச் சுவருக்குப் போங்கள்.

ஓடாவி_முள்ளியவளை | புதன், காலை 5.50

வாசித்துக்கொண்டு வந்தேன். பிள்ளை, 9 மில்லிமீற்றரோடு மல்லுக்கட்ட வேண்டாம். சுவருக்கு மேலே ஒரு மரப் பட்டி பூட்டு. மூன்று இஞ்சி அகலம், ஒரு இஞ்சித் தடிப்பு, மூன்று சனலுக்குக் குறுக்காகப் போகிற நீளம், அதாவது நாலேகால் அடி. ஒவ்வொரு சனலுக்கும் மேலும் கீழுமாக இரண்டு ஆணி, மொத்தம் ஆறு. தகரத்தில் தானே துளைத்துப் போகிற ஸ்குரூ இரண்டு இஞ்சியில் எடு. மரம் ஒரு இஞ்சி, ஜிப்சம், பிறகு சனல், எல்லாவற்றையும் தாண்டி நுனி வெளியே வர வேண்டும். தகரம் மெல்லியது, கடைசிச் சுற்றைக் கையால் முறுக்கு. மரை அழிந்தால் பிடிக்காது.

முதிரை மரம் கிடைத்தால் முதிரை. பனஞ்சிலாகை என்றாலும் வைரம் உள்ளதாகப் பார். இரண்டையும் முதலில் துளைக்காமல் ஆணி விடாதே, ஆணி முறியும், இல்லாவிட்டால் மரம் பிளக்கும். பட்டி நின்றுவிட்டால் தட்டையும் படத்தையும் அதில் உன் விருப்பப்படி பூட்டலாம். பாரம் சனலுக்குப் போகும், ஜிப்சம் சும்மா இருக்கும்.

பரந்தன்சந்தி | 7.30

துளைக்க முதல் மெயின் சுவிட்சை நிற்பாட்டுங்கள் அக்கா. சுவிட்ச், பிளக் பொயின்ற் எதற்கும் நேர் மேலேயோ நேர் கீழேயோ துளைக்க வேண்டாம், வயர் அந்த வழியாகத்தான் போகும். 230 வோல்ட்.

இரணைமடுக்காற்று | 7.45

ஐயா, எங்களிடம் முதிரை இருக்கிறது. பழைய வீட்டு வாசல் நிலையின் ஒரு கால். வீடு போய்விட்டது, மீளக் குடியேறி வந்தபோது அந்தச் சட்டம் மட்டும் கிடந்தது. அம்மா கிணற்றடியில் போட்டு உடுப்புத் தோய்க்க உட்காருகிறார். அறுக்கலாமா?

ஓடாவி_முள்ளியவளை | 8.02

அறு. மரம் ஆலைக்குக் கொண்டுபோக முதல் உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் பார், வாள் போய்விடும். குண்டுச் சிதறலும் இருக்கலாம். எங்கள் பக்கத்துப் பழைய மரத்தில் எனக்கு இரண்டு தரம் அப்படி வந்திருக்கிறது. அறுத்த பிறகு இரண்டு கிழமை நிழலில் காயவிடு.

முல்லை_ரொறன்ரோ | 8.40

ஓடாவி ஐயா சொன்னதற்கு மேலே நான் சொல்ல ஒன்றும் இல்லை. பழைய ஓட்டையை மூடும் வழியை மட்டும் எழுதுகிறேன். ஓட்டையைச் சதுரமாக வெட்டுங்கள். அதைவிட நான்கு இஞ்சி நீளமான ஒரு மரச் சிலாகையை உள்ளே விட்டு, நடுவில் நூல் கட்டி உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்தபடி, இரண்டு கரையிலும் முன்னாலிருந்து ஆணி பூட்டுங்கள். அளவாக வெட்டிய ஜிப்சம் துண்டை அதன்மேல் வைத்துப் பூட்டி, வலைத் துணி ஒட்டி, இரண்டு தரம் மெல்லியதாகப் பூசுங்கள். ஒரே தரத்தில் தடிப்பாகப் பூசினால் வெடிக்கும்.

இரணைமடுக்காற்று | மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு

எல்லோருக்கும் அறியத் தருகிறேன். நிலைக்காலைத் துடைத்துக் காந்தம் பிடித்ததில் இரண்டு இடத்தில் ஒட்டியது. ஒன்று பழைய ஆணி. மற்றது கடலைப் பருப்பு அளவில் ஒரு இரும்புத் துண்டு. அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே எறிந்தார். ஆலையில் இரண்டு பட்டி வந்தது. உள்ளே மரம் பொன்மஞ்சளாக, நேற்று வெட்டியது போல இருந்தது. பெயின்ற் அடிக்கவில்லை, தேங்காய் எண்ணெய் மட்டும் பூசினோம்.

மேல் பட்டியில் இரண்டு கொக்கியில் அப்பாவின் படம். கீழ்ப் பட்டி இன்னும் தள்ளி, அதில் 10 இஞ்சித் தாங்கியில் சாமித்தட்டு. பூட்டிய அன்று படத்தைத் தொங்கவிட அம்மா விடவில்லை. ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு இரவு முழுக்கக் கொக்கியில் தொங்கவிட்டு, விடிய எழும்பிப் பார்த்தார். பிறகுதான் படத்தைத் தந்தார்.

கரண்ட் வேலை செய்த அந்தத் தம்பிதான் வந்து துளைத்துத் தந்தார். கூலி வாங்கவில்லை.

முல்லை_ரொறன்ரோ | ஞாயிறு

சந்தோஷம் தங்கச்சி. மாரி தொடங்கி ஒரு மாதத்தில் ஆணிகளை ஒரு தரம் கையால் பாருங்கள். மரம் ஈரத்தில் பெருத்துச் சுருங்கும், கால் சுற்று இறுக்க வேண்டி வரலாம்.

குளத்தடி | திங்கள்

மாங்குளம் ஐயா, சைக்கிள் பம்பால் ஊதினேன். ஒரு ஓட்டையில் இருந்து தேக்கரண்டி நிறையத் தூள் வந்தது. 8 பிளக்கை உள்ளே இறக்கி, இரண்டரை இஞ்சி ஸ்குரூ போட்டேன். மணிக்கூடு நிற்கிறது. மற்ற இரண்டு ஓட்டையையும் சீமெந்துப் பசையால் அடைத்துவிட்டேன்.